நெஞ்சில் இருந்தால் போதுமா?

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், குறிப்பாக நம்மைப் போன்ற அரசுப் பணியாளர் இல்லங்களில், அடிக்கடி காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு. "அன்பு நெஞ்சில் இருக்கிறது, அதை வெளியே எடுத்துக் காட்டிக்கொண்டா இருக்க முடியும்?" என்பதே அது. மனைவியைப் பற்றிப் பேச்சு வரும்போது கணவன்மார் சொல்லும் வாசகம். சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் தொனிக்கும். ஏதோ பண்பாட்டுக் கருவூலத்தின் திறவுகோல் தம் இடுப்பில் தொங்குவது போன்ற பாவனையும் இருக்கும். கேட்பவரும் ஆமென்று தலையசைப்பர். இவ்வாசகத்தை எதிர்த்து வழக்காடவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன். இது அடக்கமும் அன்று, பண்பாடும் அன்று. சோம்பலுக்குப் பட்டு வேட்டி உடுத்தி மணையில் அமர்த்திய கதை என்பதே என் கட்சி.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அன்பைக் காட்டுவது என்றவுடன் பலர் மனத்தில் திரைப்படக் காட்சி தோன்றிவிடுகிறது. மரத்தைச் சுற்றி ஓட வேண்டுமென்றோ, ரோஜாப் பூவை ஏந்தி மண்டியிட வேண்டுமென்றோ, ஆங்கிலத்தில் மூன்று சொற்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டுமென்றோ எவரும் கேட்கவில்லை. நான் குறிப்பவை மிகச் சிறியவை. மே மாத வெயிலில் கூலருக்குத் தண்ணீர் நிரப்பி வைப்பது. தை மாதக் குளிரில் வாரத்தில் ஒரு நாளேனும் அவள் எழுமுன் எழுந்து பாலைக் காய்ச்சிக் காப்பி கலந்து கொடுப்பது. போன வாரம் அவள் பேச்சுவாக்கில் ஆசைப்பட்டுச் சொன்ன சின்ன வெங்காயத்தையும் முருங்கைக்காயையும், அலுவலகம் விட்டு வரும் வழியில் ஐ.என்.ஏ. சந்தையில் இறங்கி நினைவாக வாங்கி வருவது. தான் உண்டு முடித்ததும் தட்டை நகர்த்திவிட்டுத் தொலைக்காட்சியின் முன் போய் அமராமல், அவள் உண்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பது. குழம்பு நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறதென்று வாய் திறந்து சொல்வது. இவற்றுள் எதற்கும் நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை; மேலதிகாரியின் ஒப்புதலும் வேண்டியதில்லை.

"இதெல்லாம் நம் வழக்கம் இல்லை" என்பது அவர்களின் முதல் மறுப்பு. வழக்கமில்லை என்று யார் சொன்னது? குறுந்தொகையின் 167-ஆம் பாடலை நம் விழா மேடைகளில் எத்தனையோ பேராசிரியர்கள் விளக்கக் கேட்டிருக்கிறோம். கூடலூர் கிழார் பாடியது. மணமாகிச் சென்ற பெண்ணின் குடித்தனத்தைச் செவிலித்தாய் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்ற தாயிடம் கூறுவதாக அமைந்த பாட்டு. அந்தப் பெண் தன் கையாலேயே கட்டித் தயிரைப் பிசைகிறாள். விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். அதை மாற்றிக்கொள்ளவும் அவளுக்குப் பொழுதில்லை. தாளிப்புப் புகை கண்ணில் நிறைகிறது. அப்படிப் பாடுபட்டுப் புளிப்பாக ஒரு குழம்பு ஆக்கி வைக்கிறாள். கணவன் உண்கிறான், சுவையாக இருக்கிறது என்னும் பொருளில் ஒரே ஒரு சொல் சொல்கிறான். அவள் முகத்தில் கண்டும் காணாததுமாக ஒரு மகிழ்ச்சி படர்கிறது. பாட்டு அவ்வளவுதான்.

செவிலி வேறு எதையெல்லாம் கண்டுவந்து சொல்லியிருக்கலாம்! வீட்டின் அகலத்தைச் சொல்லியிருக்கலாம். தொழுவத்து மாடுகளை எண்ணிச் சொல்லியிருக்கலாம். மருமகன் ஈட்டும் பொருளை அளந்து சொல்லியிருக்கலாம். ஒன்றையும் சொல்லவில்லை. அவன் ஒரு சொல் சொன்னான், இவள் முகம் மலர்ந்தது என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள். மகள் வாழ்கிறாளா என்று அறியத் தவிக்கும் தாய்க்கு அதற்குமேல் ஒரு செய்தி வேண்டியதில்லை என்று அந்தப் புலவர் அறிந்திருக்கிறார்.

இப்போது, கும்பகோணத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ மகளின் குடித்தனத்தைப் பார்க்கவென்று 2,000 கிலோமீட்டருக்கு மேல் ரயிலேறி இங்கே வந்து இறங்கும் தாயை எண்ணிப் பாருங்கள். பத்து நாள் தங்குகிறார். குதுப்மினாரும் அக்ஷர்தாமும் பார்க்கிறார். மருமகன் நல்லவர்தாம், குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, சம்பளம் அப்படியே வீட்டுக்கு வருகிறது. ஆனால் அந்தப் பத்து நாளில் மருமகன் தம் மகளை நோக்கி ஒரு நல்ல சொல் சொல்லி அந்தத் தாய் கேட்கவில்லை. ஊர் திரும்பியதும் அக்கம்பக்கத்தார் விசாரிப்பர். "வீடு பெரிசு, தண்ணிக் கஷ்டம் இல்லை, மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு வரப்போகுது" என்பார். சங்ககாலச் செவிலி சொல்லாமல் விட்டவற்றையெல்லாம் இவர் சொல்வார். அவள் சொன்ன ஒன்றைச் சொல்ல இவரிடம் சரக்கு இராது.

சொல்லிவிட்டால் மட்டும் போதுமா என்று குறுக்கே கேட்பாரும் உளர். கேட்க வேண்டிய கேள்விதான். சிலப்பதிகாரத்து மனையறம்படுத்த காதையில் கோவலன் கண்ணகியைப் புகழ்வதுபோல் எந்தக் கணவன் புகழ்ந்திருக்கிறான்? உவமைக்கு மேல் உவமை அடுக்குகிறான். அடுத்த காதையிலேயே மாதவியின் வாயிலில் நிற்கிறான். ஆகவே அலங்காரச் சொற்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதே கோவலன், மதுரைப் புறத்து ஆயர் குடிலில் கண்ணகி தன் கையால் சமைத்திட்டதை உண்டபின், கல்லும் முள்ளுமான வழியில் உன்னை நடத்தி வந்தேனே என்று வருந்திக் கேட்கிறான். அப்போதுதான் கண்ணகி தன் மனத்தைத் திறக்கிறாள். மாமன் மாமி முன்னே துயரை மறைத்துப் பொய்யாகச் சிரித்துக்கொண்டிருந்ததைச் சொல்கிறாள். அந்தப் பேச்சு முடிந்ததும் அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு புறப்படுகிறான், திரும்பவில்லை. புகாரில் இருந்த நாளிலே அன்றாடம் இரண்டு வார்த்தை அப்படிக் கேட்டிருந்தானாயின், பாவம், அந்தப் பெண் எதற்காக அத்தனை காலம் பொய்யாகச் சிரித்திருக்க வேண்டும்?

வழக்கமில்லை என்னும் சொல்லைப் பாரதியாரும் ஒருமுறை சொல்லியிருக்கிறார். காங்கிரஸ் மகாசபைக்காக வடக்கே வந்தவர் நிவேதிதை அம்மையாரைச் சந்தித்தார். உம் மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அம்மையார் வினவ, அது எங்கள் வழக்கமில்லை என்னும் கருத்துப்பட இவர் விடையிறுத்தார். அம்மையார் கடிந்துகொண்டார் என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் கூறுவர். பாரதியார் சினக்கவில்லை. 1908-இல் வெளியிட்ட 'ஸ்வதேச கீதங்கள்' நூலை அந்த அம்மையாருக்கே சமர்ப்பித்தார். பின்னாளில் செல்லம்மாளின் தோளில் கைபோட்டுக்கொண்டு தெருவில் நடந்தார் என்றும், ஊர் கைகொட்டிச் சிரித்தது என்றும் சொல்வதுண்டு. நம் சங்கத்தார் ஆண்டுதோறும் பாரதி விழா எடுக்கிறோம்; கைகொட்டிச் சிரித்த ஊராரின் கட்சியிலேயே இன்னும் இருக்கிறோம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். நம் ஊரில் ஒரு கணவன் வாய் திறவாதவனாக இருந்தால், அந்தக் குறை பலர் கையில் பங்காகிக் கரைந்துவிடும். நாத்தனார் இருப்பாள், ஓரகத்தி இருப்பாள், கொல்லை வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டு அக்காள் இருப்பாள், ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் தாய்வீடு இருக்கும். கணவன் சொல்லாத சொல்லைப் பத்துப் பேர் சொல்லிவிடுவர். "இளைச்சுப் போயிட்டியேடி" என்று கேட்க ஒரு பெரியம்மா எங்கிருந்தாவது வந்து சேர்வாள். இங்கே? இரண்டாம் மாடியில் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். எதிர்வீட்டில் பஞ்சாபியர், கீழ்வீட்டில் பீகாரியர். நல்லவர்கள்தாம், ஆபத்துக்கு ஓடி வருகிறவர்கள்தாம். ஆயினும் புதிதாக வந்த நம் பெண்ணின் இந்தி, காய்கறிக்காரனிடம் விலை கேட்கும் அளவோடு பல்லாண்டு நின்றுவிடுகிறது. ஊரில் இருக்கும் அம்மாவோடு இப்போது செல்பேசியில் முகம் பார்த்தே பேசலாம், உண்மை. ஆனால் காய்ச்சலில் படுத்திருக்கும் மகளுக்கு அந்தப் பேசிக்குள் இருக்கும் அம்மாவால் ஒரு டம்ளர் வெந்நீர் எடுத்துக் கொடுக்க இயலாது.

மாலை ஏழு மணிக்கு, அவள் மொழி பேசும் ஒரே மனிதன் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றுகிறான். அவன் வாயிலிருந்து வரும் தமிழைச் சற்றே செவிமடுத்துக் கேளுங்கள். "காப்பி கொண்டா." "என் கண்ணாடி எங்கே?" "கரண்ட் பில் கட்டியாச்சா?" "ஏன் இவ்வளவு உப்பு?" எல்லாம் ஏவலும் வினாவும். அதே மனிதன் அன்று பகலில் அலுவலகத்தில் எத்தனை முறை 'தேங்க் யூ' சொல்லியிருப்பான்! தேநீர் கொண்டுவரும் பையனை அன்பொழுக 'பையா' என்று விளித்திருப்பான். பிரிவு அதிகாரியின் புதுச் சட்டையைக் கூடப் பாராட்டியிருப்பான். காலையில் எழுந்ததும் வாட்ஸப் குழுவில் உள்ள இருநூறு பேருக்குத் தாமரைப் படம் போட்டு இனிய காலை வணக்கம் அனுப்பியிருப்பான். அனுப்பிய கையோடு, அடுக்களையில் நிற்பவளைப் பார்த்து 'ஏய்' என்று அழைத்திருப்பான். அவளுக்குப் பெயர் என்று ஒன்று உண்டு என்பது குடும்ப அட்டையில் மட்டும் பதிவாகியிருக்கும்.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவை குழந்தைகளின் காதுகள். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துபோகிறதே என்று கவலைப்பட்டுச் சங்கங்கள் ஞாயிறுதோறும் வகுப்பு நடத்துகின்றன. திருக்குறள் ஒப்பித்தால் பரிசு தருகின்றோம். அந்தக் குழந்தை வீட்டில் எதைக் கேட்கிறது? விளையாட்டு இந்தியில் நடக்கிறது. நன்றியும் வருத்தமும் ஆங்கிலத்தில் சொல்லப்படுகின்றன. தமிழ் மட்டும் அப்பா அம்மாவை வேலை ஏவும் மொழியாக வந்து விழுகிறது. அன்புடைமை அதிகாரத்தின் பத்துக் குறளையும் பிழையின்றி ஒப்பிக்கும் சிறுவன், தன் வீட்டில் தமிழில் அன்பு எவ்வாறு பேசப்படும் என்பதைக் கேட்டதே இல்லை. அந்த அதிகாரத்தின் முதற்குறளிலேயே, அன்பை உள்ளே வைத்து அடைத்துவிட முடியாதென்று வள்ளுவர் தீர்ப்பளித்துவிட்டார் என்பதை அவன் பொருளோடு படித்துத் தந்தையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை வைத்திருக்கிறோம்?

"அவளுக்குத் தெரியும், தனியே சொல்ல வேண்டுமா?" என்பார் அடுத்த கட்சிக்காரர். இவர் பெரும்பாலும் நம்மைப்போல் கோப்பு நகர்த்துபவராகவே இருப்பார் என்பதுதான் வேடிக்கை. குறிப்பில் ஏறாத முடிவு முடிவே ஆகாது என்று தம் கீழுள்ளோர்க்குப் போதிப்பவர் இவர். வாய்மொழி உத்தரவென்றால் பின்னர் எழுத்தில் உறுதிசெய்து வாங்காமல் ஒரு ரூபாயும் விடுவிக்க மாட்டார். வீட்டில் மட்டும், இருபத்தைந்து ஆண்டுகளாக ஒரு வரியும் எழுதப்படாத வெற்றுக் கோப்பைக் காட்டி, எல்லாம் இதில் இருக்கிறது, புரிந்துகொள் என்கிறார்.

இன்னும் சிலர், "தீபாவளிக்குப் பட்டு, திருமண நாளுக்கு ஒரு கிராமாவது தங்கம், வேறென்ன வேண்டும்?" என்பர். ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று என்று ஆண்டுக்கு இருமுறை கணக்கிட்டுத் தரும் அகவிலைப்படியாக அன்பை ஆக்கிக்கொண்டவர்கள் இவர்கள். பட்டைக் குறைகூறவில்லை. அந்தப் பட்டை உடுத்திக்கொண்டு அவள் வந்து நின்றபோது நிமிர்ந்து பார்த்தீரா என்பதே என் கேள்வி. விலைச்சீட்டை அறிந்தவருக்கு நிறம் நினைவில்லை என்றால், அந்தப் பட்டு யாருக்கு வாங்கப்பட்டது? மலை மந்திர் வாசலில் ஒரு முழம் மல்லிகை வாங்கி வருபவர், சேலை வாங்கித் தந்தவரைவிட ஒரு படி மேல் என்றே நான் தீர்ப்புச் சொல்வேன். காரணம், பூவை வாங்க அவர் வழியில் ஒருகணம் அவளை நினைத்திருக்கிறார்.

உழைத்துக் களைத்து வருகிறோம், எங்கள் பாட்டைச் சொல்ல ஆளில்லையா என்று கணவன்மார் முறையிடுவதிலும் நியாயமில்லாமல் இல்லை. மெட்ரோவில் நின்றுகொண்டே வந்து, தணிக்கைக்காரர்களுக்கு விடையெழுதி, வீட்டுக்கடனுக்கு வட்டி கட்டி வாழும் வாழ்வு எளிதன்று. ஆயினும் ஒரு புள்ளிவிவரத்தைக் கூற விரும்புகிறேன். 2019-ஆம் ஆண்டில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். அந்த 97-ஐப் பார்த்து மார்தட்ட வேண்டாம். பெண்களில் நூற்றுக்கு 81 பேருக்கு மேல் அவ்வேலையில் ஈடுபட்டிருக்க, ஆண்களில் ஈடுபட்டோர் நூற்றுக்கு 26 பேர் மட்டுமே. எஞ்சிய ஆடவர் கணக்கிலேயே வரவில்லை. அலுவலகம் சென்று திரும்பும் பெண்களும் இதே அடுக்களைக்குத்தான் வந்து சேர்கின்றனர். மனைவியரும் அன்பைக் காட்ட வேண்டாமா என்று எதிர்க்கேள்வி போடுவோர்க்கு இதுவே விடை. அவர்கள் நாள்தோறும் காட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். நாம் அதற்குச் சமையல் என்று பெயரிட்டு நகர்ந்துவிட்டோம்.

வறண்ட விதிப்புத்தகத்துக்கே பெயர் பெற்ற மத்திய அரசுகூட, மனைவியின் பேறுகாலத்தில் கணவன் பக்கத்தில் இருக்கட்டும் என்று கருதி 1997 முதல் 15 நாள் விடுப்புத் தருகிறது. அந்த 15 நாளில், மனைவியைத் தாய்வீட்டுக்கு ரயிலேற்றிவிட்டு இங்கே குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடித்து முடித்தவர் ஒருவரை நான் அறிவேன். வெள்ளையடிப்பு நன்றாகத்தான் இருந்தது.

நம் விழாக்களைப் பற்றியும் ஒரு சொல். மலருக்குக் கட்டுரை கேட்டவர்கள் இதற்காக என்மீது வருந்தக்கூடாது. ஆண்டு விழா என்றால் பட்டிமன்றம். பட்டிமன்றம் என்றால் மனைவியைப் பற்றிய நகைச்சுவை. மணந்தவன் மாட்டிக்கொண்டவன், வீட்டில் வாய் திறந்தால் அடி விழும், மனைவி ஊருக்குப் போனால் தீபாவளி என்னும் இவற்றைத் தலைமுறை தலைமுறையாக மாற்றிப் போட்டுச் சொல்லி வருகிறோம். முன்வரிசை ஆடவர் வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர். பின்வரிசையில், அன்று காலை நானூறு பேருக்குப் பொங்கலும் வடையும் ஆக்கிவிட்டு, அவசரமாகத் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் பெண்களும் சிரிக்கின்றனர். அந்தச் சிரிப்பு எத்தகையது என்பதைக் கண்ணகியைக் கேட்டால் சொல்வாள். முடிவில் நன்றியுரை. பந்தல் போட்டவர் பெயர், ஒலிபெருக்கி தந்தவர் பெயர், விளம்பரம் கொடுத்த கடைகளின் பெயர் எல்லாம் வரிசையாக வாசிக்கப்படும். "மற்றும் மகளிர் அணியினர்" என்று ஒரு தொடரில் அவர்கள் கணக்கு முடிந்துவிடும். அந்த மகளிர் அணியினருள் ஒருவர் நன்றியுரை ஆற்றுபவரின் மனைவியாகவே இருப்பார்.

இப்படி வாயடைத்து வாழ்ந்தவர்களுக்கு ஒரு நாளில் வாய் திறக்கிறது. நாளேடுகளில் நீத்தார் நினைவு விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். இல்லத்தின் ஒளி, குலவிளக்கு, எங்களை ஏன் தவிக்கவிட்டாய் என்றெல்லாம் எழுதி, கீழே கணவர் பெயர் போட்டிருக்கும். துயரம் உண்மையானது, அதை எள்ளுவது என் நோக்கமன்று. அந்த வரிகளுள் ஒன்றை, நான்கில் ஒரு பங்காகச் சுருக்கியாவது, அவள் அடுப்படியில் நின்றிருந்த நாளில் சொல்லியிருக்கலாகாதா? நம் அலுவலகங்களில் ஓய்வுபெறுவோர் ஓய்வூதியப் படிவத்தோடு மனைவியுடன் சேர்ந்து எடுத்த புகைப்படம் ஒன்றைத் தர வேண்டும். திருமணத்தன்று எடுத்ததற்குப் பிறகு, இருவர் மட்டும் சேர்ந்து நின்று எடுத்துக்கொண்ட படம் அது ஒன்றுதான் என்று கூறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் விதி கேட்டதால் எடுத்தது.

கடைசியாக ஒரு மறுப்பு உண்டு; இதை என்னிடம் நேரிலேயே பலர் கேட்டிருக்கின்றனர். "இருபது வருஷம் கழித்துத் திடீரென்று நான் காப்பி போட்டுக் கொடுத்தால், என்ன தப்புப் பண்ணிட்டு வந்தீங்க என்று கேட்பாளே, சார்!" கேட்கத்தான் செய்வார். முதல் நாள் ஐயுறுவார். இரண்டாம் நாள் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பார். காப்பியில் சர்க்கரை கூடிவிட்டதென்று குறையும் சொல்வார். இருபது ஆண்டு பாக்கி வைத்தவரிடம் அவ்வளவு கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதற்காக உடனே பெரிதாக ஒன்றைத் தொடங்கிவிட வேண்டாம். வெயில் ஏறும் நாளில், அவர் குளிக்கப் போயிருக்கும் நேரத்தில், கூலரில் தண்ணீர் நிரப்பிவிட்டு வந்து நாளேட்டை விரித்துக்கொண்டு உட்காருங்கள். நிரப்பியதை வாயால் சொல்லிக்காட்டாதீர்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.